டெஸ்க்டாப் காணோமா? ஃபார்மேட் செய்வதற்கு முன் இதைப் படியுங்கள்!

பாஸ்வேர்டு கேட்கிறது, சரியாகத்தான் கொடுக்கிறீர்கள். உள்ளே போனால் வால்பேப்பர் மட்டும். சில நேரம் அதுவும் இல்லாமல் வெறும் கறுப்பு. ஐகான் இல்லை, மெனு இல்லை. மவுஸ் அம்பு மட்டும் அங்குமிங்கும் அலைகிறது.

பழைய லேப்டாப்பில் உபுண்டு, லினக்ஸ் மின்ட் போட்டுப் பயன்படுத்துபவர்கள் சந்திக்கும் சிக்கல் இது. தமிழக அரசு 2011 முதல் மாணவர்களுக்குக் கொடுத்த விலையில்லா லேப்டாப்களிலும் விண்டோஸுடன் 'பாஸ்' என்ற இந்திய லினக்ஸ் இருந்தது. அதனால் லினக்ஸ் நம் வீடுகளுக்குப் புதிதல்ல.

திரை இப்படி ஆனதும், 'ஃபார்மேட் பண்ணிடலாம்' என்பதுதான் பலருக்கும் முதலில் தோன்றும் யோசனை. பிள்ளையின் புராஜெக்ட், கல்யாண போட்டோக்கள் எல்லாம் காணாமல் போவது அந்த நிமிடத்தில்தான்.

ஏன் பயப்பட வேண்டாம்?

1991-ல் லினஸ் டோர்வால்ட்ஸ் வெளியிட்ட லினக்ஸ் என்பது 'கெர்னல்' எனப்படும் அடித்தளம். நாம் பார்க்கும் டெஸ்க்டாப், அதன்மேல் ஓடும் தனி புரோகிராம். உபுண்டுவில் அதன் பெயர் க்னோம். மின்ட்டில் பெரும்பாலும் சின்னமன். கடையின் பெயர்ப்பலகை விழுந்துவிட்டால் உள்ளே இருக்கும் சரக்கு போய்விடுமா? அப்படித்தான். டெஸ்க்டாப் விழுந்தாலும் கோப்புகள் பெரும்பாலும் 'ஹோம்' ஃபோல்டரில் அப்படியே இருக்கும்.

வரிசையாகச் சோதியுங்கள்

1. டிவி அல்லது புரொஜெக்டரில் இணைத்திருந்தால் கேபிளைக் கழற்றுங்கள். மெனுவும் ஐகானும் அந்தத் திரைக்குப் போயிருக்கலாம். விண்டோஸ் சின்னம் உள்ள கீயுடன் 'பி' அழுத்தினாலும் திரை மாறும்.

2. கன்ட்ரோல், ஆல்ட், டி மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். டெர்மினல் திறந்தால் பாதிக் கவலை விட்டது. கோளாறு மெனுவிலும் பேனலிலும்தான். மின்ட் சின்னமனில் கன்ட்ரோல், ஆல்ட், எஸ்கேப் அழுத்தினால் டெஸ்க்டாப் மட்டும் புதிதாகத் தொடங்கும்.

3. எதுவும் திறக்கவில்லையா? கன்ட்ரோல், ஆல்ட், எஃப்3 அழுத்துங்கள். எழுத்துகள் மட்டும் உள்ள கறுப்புத் திரை வரும். பயனர் பெயரும் பாஸ்வேர்டும் கொடுங்கள். பாஸ்வேர்டு தட்டும்போது திரையில் ஒன்றும் தெரியாது, அது இயல்புதான்.

இங்கே டி-எஃப், ஓர் இடைவெளி, கழித்தல் குறி, எச் என்று ஆங்கிலச் சிற்றெழுத்தில் தட்டி என்டர் கொடுங்கள். கடைசியில் சாய்வுக்கோடு மட்டும் உள்ள வரியில் 100% என்று இருந்தால், காரணம் கிடைத்துவிட்டது: டிஸ்க் நிரம்பிவிட்டது. எழுத இடமில்லாமல் டெஸ்க்டாப் தொடங்க முடியவில்லை. எஸ்-யு-டி-ஓ, ஏ-பி-டி, சி-எல்-இ-ஏ-என் என்ற மூன்று சொற்களை இடைவெளி விட்டுத் தட்டினால், பழைய அப்டேட் கோப்புகள் நீங்கிக் கொஞ்சம் இடம் கிடைக்கும். பிறகு ரீஸ்டார்ட் செய்யுங்கள்.

4. வீட்டில் இன்னொருவர் பெயரில் கணக்கு இருந்தால் அதில் நுழைந்து பாருங்கள். அங்கே டெஸ்க்டாப் நன்றாக வந்தால், உங்கள் கணக்கின் செட்டிங்ஸில்தான் கோளாறு. அவை 'டாட் கான்ஃபிக்' என்ற மறைந்த ஃபோல்டரில் இருக்கும். அதன் பெயரை மட்டும் மாற்றினால், அடுத்த முறை நுழையும்போது லினக்ஸ் புதிதாக ஒன்றை உருவாக்கிக்கொள்ளும். பழையதை அழிக்க வேண்டாம். பிரவுசர் புக்மார்க்குகள்கூட அதில் இருக்கலாம்.

5. அப்டேட் செய்த பிறகு வந்த சிக்கலா? லேப்டாப் ஆன் ஆகும்போதே எஸ்கேப் அல்லது ஷிஃப்ட் கீயை அழுத்தினால் 'க்ரப்' மெனு வரும். அதில் 'அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்' போய் முந்தைய கெர்னலைத் தேர்ந்தெடுங்கள். உபுண்டு 22.04, 24.04 பதிப்புகளில் இன்னொரு வழியும் உண்டு. பாஸ்வேர்டு கேட்கும் திரையின் கீழ் மூலையில் உள்ள பல்சக்கரத்தைத் தொட்டு 'எக்ஸ்ஆர்க்' வழியாக நுழைந்து பாருங்கள்.

எதுவும் பலிக்கவில்லையா?

வேறொரு கணினியில் 8 ஜிபி பென்டிரைவ் ஒன்றில் உபுண்டு அல்லது மின்ட்டைத் தயார் செய்யுங்கள். லேப்டாப்பை அதிலிருந்து தொடங்கி, 'இன்ஸ்டால்' பக்கம் போகாமல் 'ட்ரை' என்பதைத் தேர்ந்தெடுங்கள். டிஸ்கில் எதையும் மாற்றாமல் லினக்ஸ் ஓடும். லேப்டாப்பின் டிஸ்கைத் திறந்து, 'ஹோம்' ஃபோல்டரை வெளி ஹார்டு டிஸ்க்குக்கு நகலெடுங்கள். 'அனுமதி இல்லை' என்று வந்தால் கோப்பு போய்விட்டது என்று பொருளில்லை. நிர்வாகி உரிமையுடன் திறக்க வேண்டும், அவ்வளவுதான். டிஸ்க் என்கிரிப்ட் செய்யப்பட்டிருந்தால் மட்டும் அதன் பாஸ்வேர்டு அவசியம்.

இதெல்லாம் நம்மால் ஆகாது என்று கடைக்குக் கொண்டுபோகிறீர்களா? ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுங்கள்: "ஹோம் ஃபோல்டரை காப்பி எடுத்துக் கொடுங்க. நான் பார்த்த பிறகு மத்த வேலையை ஆரம்பிங்க."