பரங்கிமலைச் சிலுவையைப் படித்த பார்சி குரு

பூந்தமல்லியில பஸ் ஏறினா, மவுண்ட்-பூந்தமல்லி சாலை நேரா பரங்கிமலைப் பக்கம் கொண்டு விட்டுடும். மலைமேல் தேவாலயத்தின் பீடத்தில் ஒரு கற்சிலுவை இருக்கிறது. 1547-ல் போர்த்துகீசியர் தோண்டியபோது கிடைத்தது. ஓரம் முழுக்க எழுத்து. அது பஹ்லவி; இஸ்லாத்துக்கு முந்தைய பாரசீகத்தின் எழுத்து.

போர்த்துகீசியர் கூட்டிவந்த ஒரு பிராமணர், தோமாவின் கதையையே அதில் நீளமாகப் படித்துக் காட்டினாராம். கல்லில் இருப்பதோ சில சொற்கள்தான்! பஹ்லவி என்று அடையாளம் கண்டு பர்னெல் வெளியிட்டது 1873-ல்.

கிறிஸ்தவச் சிலுவையைப் படிக்க முயன்றவர்களில் ஒரு ஜொராஸ்ட்ரிய குருவும் உண்டு: ஜீவன்ஜி ஜம்ஷெட்ஜி மோடி (1854–1933). பம்பாய் கொலாபா அக்னிக் கோயிலின் குரு. 1893 முதல் பார்சி பஞ்சாயத்தின் செயலாளர். குருமார் அவெஸ்தா மந்திரங்களை மனப்பாடமா ஓதுவாங்க. பொருள் தெரிஞ்சு ஓதுறது வேற விஷயம். மோடி இரண்டையும் கற்றார். பார்சி சடங்குகள் பற்றி 1922-ல் அவர் எழுதிய நூலை இன்றும் புரட்டுகிறார்கள்.

பஹ்லவி ஏன் இவ்வளவு கஷ்டம்? நம்ம பழைய ஓலைச்சுவடியில் புள்ளி கிடையாது, ரகரமும் காலும் ஒரே மாதிரி இருக்கும். பஹ்லவியில் அது இன்னும் மோசம்: சில வேளை மூன்று நான்கு ஒலிகளுக்கு ஒரே கோடு. போதாததற்கு, 'மல்கா' என்று அரமேயச் சொல்லை எழுதிவிட்டு 'ஷா' என்று பாரசீகத்தில் வாசிக்க வேண்டும்.

அதனால ஒரே வரிக்கு ஆளுக்கொரு அர்த்தம். பர்னெலுக்கு அது சிலுவைப்பாடு பற்றிய விசுவாச வாசகம். திருவிதாங்கூரில் கிடைத்த இதே வாசகமுள்ள சிலுவையை 1920-களில் ஆராய்ந்த மோடிக்கு, நினிவேயிலிருந்து பறந்து வந்த ஒரு பறவையின் நன்றிக் குரல். பிறகு வின்க்வொர்த், சிலுவையைச் செதுக்கியவர் தன் பெயர் சொல்லிக் கிறிஸ்துவிடம் இரக்கம் கேட்கிறார் என்று படித்தார். பின்வந்த அறிஞர்கள் பெரும்பாலும் இந்தப் பக்கமே சாய்ந்தார்கள்.

அப்போ மோடி தோத்துட்டாரா? எனக்கு அப்படித் தோணல. பிராமணர் தன்னை அழைத்தவர்கள் கேட்க விரும்பியதைப் படித்தார். மோடி, தன் மதத்துக்கு எந்த லாபமும் இல்லாத ஒரு வரியோடு மல்லுக்கட்டி, தன் வாசிப்பை மற்றவர் திருத்தும்படி அச்சில் வைத்தார். படிப்புன்னா அதுதானே?

அடுத்த தடவை மலை ஏறினா, சிலுவையோட ஓரத்தையும் கொஞ்சம் பாருங்க.