அதிகாரம் இல்லாதவர்கள் எழுதிய அமைதி ஒப்பந்தம்: ஜோர்டான் இடம் கொடுத்தது ஏன்?

இஸ்ரேல் - பாலஸ்தீனப் பேச்சுவார்த்தை என்றதும் ஓஸ்லோ, கேம்ப் டேவிட், வெள்ளை மாளிகை என்றுதான் பலருக்கும் ஞாபகம் வரும். ஆனால் ஜெருசலேம், எல்லை, அகதிகள் என எல்லாச் சிக்கலுக்கும் வரிக்கு வரி பதில் எழுதிய ஓர் ஒப்பந்தம், சாக்கடல் கரையில் ஒரு ஹோட்டலில் வைத்து முடிவானது. எழுதியவர்களுக்கு தங்கள் நாட்டுக்காக கையெழுத்துப் போடும் அதிகாரமே கிடையாது. நாள் 2003 அக்டோபர் 12. இடம் ஜோர்டான்.

இந்த மாதிரி முயற்சிகளை 'ட்ராக் 2' என்பார்கள். அரசுகள் நேரடியாகப் பேசினால் அது முதல் தடம். முன்னாள் அமைச்சர்கள், ஓய்வுபெற்ற ராணுவ அதிகாரிகள், எழுத்தாளர்கள், பேராசிரியர்கள் எல்லாம் உட்கார்ந்து பேசினால் அது இரண்டாம் தடம். தோற்றால் அரசுக்கு அவமானம் இல்லை. ஜெயித்தால் அரசு எடுத்துக்கொள்ளலாம்.

பேர்தான் ஜெனீவா

2001 ஜனவரியில் எகிப்தின் தாபா நகரில் நடந்த அதிகாரபூர்வப் பேச்சு முடிவு எட்டாமலே நின்றது. அடுத்த மாதம் இஸ்ரேல் தேர்தலில் ஏரியல் ஷரோன் ஜெயித்தார். அத்தோடு பேச்சு முடிந்தது. தாபாவில் எதிரெதிர்ப் பக்கம் உட்கார்ந்திருந்த இருவர் மட்டும் விடவில்லை. ஒருவர் இஸ்ரேலின் முன்னாள் அமைச்சர் யோசி பெய்லின். இன்னொருவர் பாலஸ்தீன முன்னாள் அமைச்சர் யாசர் அபேத் ரப்போ.

இரண்டு வருடத்துக்கும் மேல் பேசினார்கள். இஸ்ரேல் பக்கம் முன்னாள் ராணுவத் தலைமைத் தளபதி அம்னோன் லிப்கின் ஷஹாக், எதிர்க்கட்சி அரசியல்வாதி அம்ராம் மிட்ஸ்னா, எழுத்தாளர் ஆமோஸ் ஓஸ் போன்றவர்கள் சேர்ந்தார்கள். சுவிட்சர்லாந்து அரசு உதவியது. டிசம்பர் 1 அன்று ஜெனீவாவில் விழா நடத்தி வெளியிட்டதால் 'ஜெனீவா ஒப்பந்தம்' என்று பேர் நிலைத்துவிட்டது. வாதாடி முடித்து வாசகங்களை இறுதி செய்தது சாக்கடல் கரையில்தான்.

அது சாதாரண நேரமும் இல்லை. அதற்கு ஒரு வாரம் முன்புதான், அக்டோபர் 4 அன்று, ஹைஃபா நகர உணவகத்தில் நடந்த தற்கொலைத் தாக்குதலில் 21 பேர் பலியாகியிருந்தார்கள்.

ஏன் ஜோர்டான்? விடை ஒரு பாலம்

2000-ல் இரண்டாவது இன்டிஃபாடா எழுச்சி வெடித்த பிறகு, பாலஸ்தீன நகரங்களுக்குள் போக இஸ்ரேலியர்களுக்கு அவர்களுடைய ராணுவமே தடை போட்டது. மேற்குக் கரையில் இருப்பவர் ஜெருசலேம் போகணும் என்றால் பெர்மிட் வேண்டும், வழியெல்லாம் சோதனைச் சாவடி. பக்கத்து ஊர்க்காரர்கள்தான், ஆனால் ஒருவர் வீட்டுக்கு ஒருவர் போக முடியாது.

மேற்குக் கரை மக்களுக்கென்று விமான நிலையம் இல்லை. வெளிநாடு போக அவர்களுக்கு இருக்கும் முக்கிய வாசல், ஜோர்டான் நதி மேல் இருக்கும் அலன்பி பாலம். ஜோர்டான்காரர்கள் இதை மன்னர் ஹுசைன் பாலம் என்பார்கள். 1994-ல் ஜோர்டானும் இஸ்ரேலும் சமாதான ஒப்பந்தம் போட்டதால் இஸ்ரேலியர்களும் ஜோர்டானுக்குள் வரலாம். ஆக, இரண்டு தரப்பும் தரைவழியாகவே வந்து சேரக்கூடிய இடம் அது. அரபு மண் என்பதால் பாலஸ்தீனர்களுக்கும் கூச்சம் குறைவு. ஐரோப்பாவிலும் சந்திக்கலாம்தான். ஆனால் இத்தனை பேரை விமானம் ஏற்றி அடிக்கடி கூட்டுவது லேசான வேலை இல்லை.

காகிதத்தில் என்ன இருந்தது?

1967 எல்லையை அடிப்படையாக வைத்து பாலஸ்தீன நாடு. இஸ்ரேல் வைத்துக்கொள்ளும் குடியேற்றப் பகுதிகளுக்கு ஈடாக அதே அளவு நிலம். ஜெருசலேம் இரண்டு நாட்டுக்கும் தலைநகர். அல்-அக்ஸா வளாகம் பாலஸ்தீன இறையாண்மையில், அதை ஒட்டிய மேற்குச் சுவர் இஸ்ரேலிடம்.

பெரிய தலைவலி அகதிகள் விஷயம்தான். இழப்பீடு உண்டு, பாலஸ்தீன நாட்டில் குடியேறும் உரிமை உண்டு. ஆனால் இஸ்ரேலுக்குள் எத்தனை பேரை எடுப்பது என்பது இஸ்ரேலின் முடிவு. அல்-அக்ஸாவை விட்டுக்கொடுப்பதா என்று இஸ்ரேலில் கொதித்தார்கள். 1948-ல் இழந்த சொந்த ஊருக்குத் திரும்பும் உரிமையை இவர்கள் யார் விற்க என்று அகதி முகாம்களில் கேட்டார்கள். இரண்டு பக்கமும் வலிக்கிற மாதிரி எழுதியிருந்ததே, அது வெறும் அலங்காரக் காகிதம் இல்லை என்பதற்கு அடையாளம்.

இஸ்ரேலில் வீடு வீடாகத் தபாலில் இதன் பிரதி போனது. ஷரோன் கடுமையாக எதிர்த்தார். ஆனால் டிசம்பர் 18 அன்று அவரே ஒருதலைப்பட்ச விலகல் திட்டத்தை அறிவித்தார். 2005-ல் காஸாவிலிருந்து இஸ்ரேலியக் குடியேற்றங்கள் அகற்றப்பட்டது அதன்படிதான். ஜெனீவா முயற்சிக்கு ஆதரவு பெருகியதும் இந்தத் திட்டத்துக்கு ஒரு காரணம் என்று ஷரோனின் நெருங்கிய உதவியாளர் டோவ் வைஸ்கிளாஸ் 2004 பேட்டியில் வெளிப்படையாகவே சொன்னார். அதாவது, அதிகாரம் இல்லாதவர்களின் காகிதம் அதிகாரத்தில் இருந்தவரை நகர வைத்தது. ஆனால் எழுதியவர்கள் விரும்பிய திசையில் இல்லை. பேசி முடிவெடுப்பதைத் தவிர்க்கத்தான் அந்த நகர்வு.

ஜோர்டானுக்கு இதில் என்ன?

ஜோர்டான் சும்மா மண்டபம் வாடகைக்கு விட்ட நாடு இல்லை. 1950 முதல் 1967 போர் வரை மேற்குக் கரையும் கிழக்கு ஜெருசலேமும் ஜோர்டானோடு இணைந்திருந்தவை. 1988-ல்தான் மன்னர் ஹுசைன் அந்த உரிமைகோரலைக் கைவிட்டார். ஜெருசலேமின் முஸ்லிம் புனிதத் தலங்களில் ஜோர்டானுக்கு இருக்கும் தனிப் பங்கை 1994 ஒப்பந்தமும் ஏற்றுக்கொள்கிறது.

ஜோர்டானில் 20 லட்சத்துக்கும் அதிகமான பாலஸ்தீன அகதிகள் ஐநா அமைப்பில் பதிவாகியிருக்கிறார்கள். அவர்களில் பெரும்பாலானோர் ஜோர்டான் குடிமக்கள். 'பாலஸ்தீனர்களுக்கு ஏற்கெனவே ஒரு நாடு இருக்கே, அதான் ஜோர்டான்' என்று இஸ்ரேலிய வலதுசாரிகளில் ஒரு பகுதியினர் சொல்லிவருவது அம்மானுக்குத் தீராத பயம். 'மாற்றுத் தாயகம்' என்ற சொல்லே அங்கே கெட்ட வார்த்தை மாதிரி. 2025 பிப்ரவரியில், காஸா மக்களை ஜோர்டானும் எகிப்தும் எடுத்துக்கொள்ளட்டும் என்று டிரம்ப் சொன்னபோது, அந்தப் பயம் கற்பனை இல்லை என்று தெரிந்தது. பாலஸ்தீனம் தனி நாடாகணும் என்று ஜோர்டான் மெனக்கெடுவதில் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளும் கணக்கும் இருக்கிறது.

அதனால்தான் ஜெனீவாவோடு நிற்கவில்லை. 2013 மே மாதம் அதே சாக்கடல் கரையில் நடந்த உலகப் பொருளாதார மன்றக் கூட்டத்தில், இஸ்ரேலிய - பாலஸ்தீனத் தொழிலதிபர்கள் சேர்ந்து 'முட்டுக்கட்டையை உடைப்போம்' என்ற முயற்சியை அறிவித்தார்கள். முன்னின்றவர்கள் முனிப் அல்-மஸ்ரி, யோசி வார்டி. அம்மான், ராமல்லா, டெல் அவிவ் மூன்றிலும் அலுவலகம் வைத்த 'ஈக்கோபீஸ்' அமைப்பு, வற்றிப்போன ஜோர்டான் நதியை வைத்தே மூன்று தரப்பையும் பேச வைத்தது. அம்மானுக்குப் பக்கத்தில் 2017-ல் திறக்கப்பட்ட 'செசமி' ஆய்வகத்தில் இஸ்ரேல், பாலஸ்தீனம் மட்டுமில்லை, ஈரானும் உறுப்பினர்.

2023-க்குப் பிறகு?

நிலைமை இறுகிவிட்டது. காஸா போர் தொடங்கியதும், 2023 நவம்பரில் இஸ்ரேலில் இருந்த தன் தூதரை ஜோர்டான் திரும்ப அழைத்தது. ஜோர்டான் சூரிய மின்சாரம் தர, இஸ்ரேல் கடல்நீரைக் குடிநீராக்கித் தரும் திட்டம் ஒன்று இருந்தது. ஈக்கோபீஸ் பல வருடம் வலியுறுத்திய யோசனை அது. அதிலும் கையெழுத்துப் போட மாட்டோம் என்று அதே மாதம் ஜோர்டான் அறிவித்தது.

இப்போது இஸ்ரேலியர்களோடு ஒரே மேஜையில் உட்கார்ந்தாலே ஜோர்டானில் கேள்வி கேட்கிறார்கள். 2024 செப்டம்பரில் ஜோர்டான் லாரி டிரைவர் ஒருவர் சுட்டதில் மூன்று இஸ்ரேலியர்கள் இறந்தார்கள். நடந்த இடம், அலன்பி பாலத்தின் சோதனைச் சாவடி. உடனே பாலம் மூடப்பட்டது.