கல்நார் மரணங்கள்: எண்ணிக்கை சொல்வதும் சொல்லாததும்

ஆஸ்பெஸ்டாஸ் எனப்படும் கல்நாரின் நுண்ணிய இழைகள் சுவாசத்தோடு உள்ளே சென்றால், நுரையீரலிலும் அதைச் சுற்றியுள்ள உறையிலும் தங்கிவிடுகின்றன. அந்த உறையில் தோன்றும் மீசோதீலியோமா என்ற புற்றுநோய் வெளிப்படப் பொதுவாக 30, 40 ஆண்டுகள் செல்லும். ஆகவே ஒரு நாட்டின் இன்றைய மரண எண்ணிக்கை, அதன் பழைய வேலைத்தலங்களின் கணக்காகும்.

பிரிட்டனைப் பாருங்கள். கப்பல் கட்டும் தளங்களிலும் கட்டட வேலையிலும் கல்நார் தாராளமாகப் புழங்கிய 1968-ல் இந்நோயால் மரித்தோர் 153 பேர். 1999-ல் கல்நார் முற்றிலும் தடை செய்யப்பட்டது. ஆயினும் 2010-களில் ஆண்டுதோறும் சுமார் 2,500 பேர் மரித்தார்கள். உலகின் மிக உயர்ந்த மரண விகிதங்களுள் இதுவும் ஒன்று.

இந்தியாவில் பதிவாகும் எண்ணிக்கை மிகக் குறைவு. அதைக் கண்டு நாம் ஆறுதலடைய இயலாது. நோய் கண்டறியப்படாமலும், மரணத்தின் காரணம் மருத்துவரால் எழுதப்படாமலும் போகிறவர்கள் ஏராளம். கூரை ஷீட்டுகளுக்காக வெள்ளைக் கல்நார் இன்றும் இறக்குமதியாகிறது.

எனவே மூச்சுத்திணறலோடு வரும் முதியவரிடம், "இளவயதில் என்ன வேலை செய்தீர்கள்?" என்று நாங்கள் கேட்கிறோம். கேட்காவிட்டால் அவர் எந்தக் கணக்கிலும் வரமாட்டார். உங்கள் வீட்டுப் பெரியவர்களிடமும் கேட்டு, மருத்துவரிடம் தவறாமல் சொல்லுங்கள்.