“சும்மாதான் இருக்கேன்” என்று சொல்லலாமா?

பழவேற்காடு ஏரிக்கு எப்போதாவது போயிருக்கிறீர்களா? சென்னைக்கு வடக்கே, பொன்னேரி வழியாகப் போக வேண்டும். ஒடிசாவின் சில்காவுக்கு அடுத்தபடி நம் நாட்டின் பெரிய உப்பங்கழி ஏரி இதுதான். பாதிக்கு மேல் ஆந்திராவில் கிடக்கிறது. தமிழ்நாட்டுப் பக்கக் கரையில் உள்ள மீனவ ஊர்களில் ஒன்று தோணிரேவு. ‘ரேவு’ என்றால் தெலுங்கில் படகுத் துறை. இரண்டு பாஷையும் கைகோத்துக்கொண்ட பெயர்!

இந்த ஏரிக்கரை ஊர்களில் பெண்கள் செய்யும் வேலையைக் கொஞ்சம் பாருங்கள். இருளர் பெண்கள் தண்ணீரில் இறங்கி, சேற்றைக் கையால் துழாவியே இறால் பிடிக்கிறார்கள். வலை கிடையாது. பிடித்ததைப் போட ஒரு ‘பறி’ – ஓலையில் முடைந்த பை. இரண்டு கையும் சேற்றில் இருப்பதால் பறியை வாயில் கவ்விக்கொள்வார்கள். மற்ற பெண்கள் படகு கரை சேர்ந்ததும் மீனைத் தரம் பிரிப்பார்கள். கூடையைத் தூக்கிக்கொண்டு சந்தைக்கு ஓடுவார்கள். விற்காததை உப்பிட்டுக் கருவாடு போடுவார்கள். பழவேற்காட்டு முஸ்லிம் பெண்கள் பனை ஓலையில் பெட்டியும் கூடையும் முடைவது பேர் போனது. இத்தனைக்கும் மேலே குடிதண்ணீர், விறகு, சோறு, குழந்தை, மாமியார், மாமனார்.

சரி, இந்த வீட்டுக்குக் கணக்கெடுக்கிறவர் வருகிறார் என்று வையுங்கள். திண்ணையில் இருக்கிற ஆம்பிளையிடம்தான் கேட்பார். “உங்க வீட்டம்மா என்ன வேலை பண்றாங்க?” அவர் யோசிக்கவே மாட்டார். “அதுவா? சும்மா வீட்டுலதான் கீது!” அம்மாவையே கேட்டாலும் பதில் அதேதான்: “வேலையெல்லாம் ஒண்ணுமில்லீங்க, சும்மாதான் இருக்கேன்.” காகிதத்தில் ‘வீட்டு வேலை’ என்று எழுதி முடிந்தது. காலையில் கழுத்தளவு தண்ணீரில் நின்றவள், கணக்குப்படி வீட்டில் சும்மா இருந்தவள்!

இது கற்பனைப் பேச்சு என்று நினைத்துவிடாதீர்கள். தேசம் முழுக்க நடந்த ஒரு வேடிக்கையைச் சொல்கிறேன். 1961 சென்ஸஸில் உழைக்கும் பெண்கள் சுமார் 5 கோடியே 94 லட்சம். 1971-ல் அது 3 கோடியே 13 லட்சம்! பத்தே வருஷத்தில் ஏறக்குறைய 2 கோடியே 80 லட்சம் பேர் என்ன ஆனார்கள்? அத்தனை பேரும் காலை நீட்டி உட்கார்ந்துவிட்டார்களா? உண்மையிலேயே வேலை பறிபோனவர்களும் உண்டுதான். ஆனால் பெரிய காரணம் கேள்வி மாறியதுதான். 1961-ல் வேலைப் பருவத்தில் தினம் ஒரு மணி நேரத்துக்கு மேல் உழைத்தாலே ‘தொழிலாளி’. 1971-ல் “உங்கள் முக்கியமான வேலை எது?” என்று கேட்டார்கள். எந்தப் பெண் “மீன் விற்பது” என்று சொல்வாள்? “அடுப்படி” என்றுதான் சொல்லியிருப்பாள்.

1981-ல் ‘முக்கிய வேலை’, ‘குறு வேலை’ என்று இரண்டாகப் பிரித்தார்கள். 1991-ல்தான் கேள்வியிலேயே, சம்பளமில்லாமல் நிலத்திலும் குடும்பத் தொழிலிலும் செய்யும் வேலையையும் சேர்த்துச் சொல்லுங்கள் என்று ஒரு வரி ஏறியது. பெண்கள் அமைப்புகள் கேட்டுக் கேட்டு வாங்கிய வரி அது. 1981-ல் நூற்றுக்கு 20-க்கும் குறைவாக இருந்த கணக்கு 22-ஐத் தாண்டியது.

‘கணக்கில் வந்தால் என்ன, வராவிட்டால் என்ன, உலை கொதிக்கப் போகிறதா?’ என்கிறீர்களா? கொதிக்கும்! 2004 டிசம்பரில் சுனாமி அடித்த பிறகு கடலோர ஊர்களில் நஷ்டக் கணக்கு எடுத்தார்களே, படகுக்கு, வலைக்கு, எஞ்சினுக்கு எல்லாம் பட்டியல் இருந்தது. மீன்காரம்மாவின் கூடை, தராசு, அலுமினியப் பாத்திரம், முடிச்சில் வைத்திருந்த முதல் – இவற்றுக்குப் பல ஊர்களில் கட்டமே இல்லை. யார் மீனவர் என்று ஏட்டில் இருக்கிறதோ அவர்களுக்குத்தான் நிவாரணமும் கடனும்.

பழவேற்காட்டில் ‘பாடு’ என்றொரு பழைய ஏற்பாடு உண்டு. ஏரியில் எந்த இடத்தில் யார் எந்த நாள் வலை கட்டலாம் என்று ஊர் முறை வைத்துப் பிரித்துக்கொள்வது. அந்த முறையில் பெயர் ஆண்களுக்குத்தான். (பெண்ணுக்குப் பாடு இல்லை, படுவது மட்டும் உண்டு!) ஊர்க் கணக்கிலும் இல்லை, சர்க்கார் கணக்கிலும் இல்லை என்றால் அவள் எங்கே போய்ப் பேசுவாள்?

உடம்பு விஷயத்துக்கு வருவோம். மணிக்கணக்கில் உப்புத் தண்ணீரில் குனிந்து நிற்பவளுக்கு விரல் இடுக்குப் புண், இடுப்பு வலி, மாதவிலக்கு நாட்களின் அவஸ்தை எல்லாம் தொழிலால் வருபவை. ஆஸ்பத்திரிச் சீட்டில் ‘வீட்டு வேலை’ என்று இருந்தால் டாக்டர் தண்ணீரைப் பற்றி ஏன் கேட்கப்போகிறார்? ஆகவே நீங்களே முந்திக்கொண்டு சொல்லிவிடுங்கள்: எத்தனை மணி நேரம், எந்தத் தண்ணீர், என்ன தூக்குகிறீர்கள் என்று.

இதைச் சரியாகக் கேட்க ஒரு வழி இருக்கிறது. ‘என்ன வேலை?’ என்று கேட்காமல், ‘நேற்று விடியற்காலை நாலு மணியிலிருந்து என்னென்ன செய்தீர்கள்?’ என்று அரை மணிக்கு அரை மணி கேட்டு எழுதுவது. இதற்கு நேரப் பயன்பாட்டு ஸர்வே என்று பெயர். 1998–99-ல் ஆறு மாநிலங்களில் வெள்ளோட்டம் பார்த்தார்கள். தமிழ்நாடும் அதில் ஒன்று. பிறகு இருபது வருஷம் தூக்கம்! 2019-ல்தான் நாடு முழுக்க நடந்தது. சம்பளமில்லா வீட்டு வேலையில் ஈடுபடுகிற பெண் அதற்குச் செலவிடுவது ஒரு நாளைக்கு 299 நிமிஷம், கிட்டத்தட்ட ஐந்து மணி நேரம். ஆணுக்கு 97. அதுவும் அந்த வேலையைத் தொட்ட ஆண்களே நூற்றுக்கு 26 பேர்தான்! 2024-ல் திரும்பவும் எடுத்தார்கள். பெண்ணுக்குப் பத்து நிமிஷம் குறைந்திருக்கிறது; ஆணும் ஒன்பது நிமிஷம் குறைத்துக்கொண்டுவிட்டார்.

இது நம் நாட்டு வியாதி மட்டுமல்ல. 2013-ல் ஜெனீவாவில் கூடிய உலகத் தொழிலாளர் புள்ளிவிவர நிபுணர்கள், சம்பளம் வந்தாலும் வராவிட்டாலும் வேலை வேலைதான் என்று தீர்மானம் போட்டார்கள். அதையொட்டிப் பல தேசங்களும் தங்கள் கேள்வித்தாளைத் திருத்தி வருகின்றன.

கொச்சியிலுள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் எடுக்கும் மீனவர் கணக்கில் மீன் விற்பவர், வலை பின்னுபவர், கருவாடு போடுபவர், இறால் உரிப்பவர் என்று தனித்தனியாகப் பதிகிறார்கள். நல்ல காரியம்.

2021-ல் நடந்திருக்க வேண்டிய சென்ஸஸுக்கு, 2027 மார்ச் 1-ஐக் கணக்கு நாளாக அரசு அறிவித்திருக்கிறது. அவர்கள் வரும்போது அடுக்களையிலிருந்து வெளியே வாருங்கள். உங்களைப் பற்றி நீங்களே பதில் சொல்லுங்கள். கோழி வளர்ப்பது, பூக்கட்டுவது, கடையில் உட்காருவது, கூடை முடைவது, வருஷத்தில் மூன்று மாதம் மட்டும் செய்வது எதையும் விடாதீர்கள். முதல் நாளே ஒரு பேப்பரில் எழுதிவைத்துக்கொண்டால் ஞாபகப் பிசகு வராது. மகளோ மருமகளோ இருந்தால் அவர்கள் வேலையையும் எழுதுங்கள்.

இந்தத் தடவை வீட்டாரே கைப்பேசியில் பதிந்துகொள்ளும் வசதியும் உண்டாம். வீட்டில் போன் அவர் கையில்தான் இருக்கிறது என்றால், அவர் பதியும்போது கூடவே உட்கார்ந்துகொள்ளுங்கள்.