பாசி பிடித்த தொட்டியும் குளோரீன் அளவும்

வத்தளையைச் சூழ்ந்த தாழ்நிலங்களிற் கங்குன், பொன்னாங்காணி, வல்லாரை ஆகியவற்றைச் செய்கைபண்ணும் கமக்காரர் சிலர், பேலியகொடைச் சந்தைக்கு அனுப்புமுன் கீரையைக் கழுவுதற்குக் கொங்கிறீற்றுத் தொட்டி வைத்திருக்கின்றனர். அத்தொட்டி நீர் பச்சையாகியவிடத்து, எத்துணை வெளிற்றுந்தூள் இட்டபோதிலும் பரிசோதனை வில்லை நிறங் காட்டவில்லை என்பது அவர்கள் முறைப்பாடு. தூள் பழுதானது என்று கடைக்காரரைக் குறை கூறுவோரும் உளர். பெரும்பாலும் குற்றம் தூளினுடையதன்று. நீச்சற்குளங்களைப் பேணுவோரும் இதே மயக்கத்துக்கு ஆளாகின்றனர்.

முதலில் ஒரு கணக்கைப் பார்ப்போம். 2 மீற்றர் நீளமும் 1 மீற்றர் அகலமும் உள்ள தொட்டியில் 75 சதமமீற்றர் ஆழத்துக்கு நீர் நின்றால், அது 1,500 லீற்றராகும். நூற்றுக்கு 30 பங்கு குளோரீன் கொண்ட தூளில் 25 கிராம் இட்டால், லீற்றர் ஒன்றுக்கு 5 மில்லிகிராம் குளோரீன் சேரும். தெளிந்த கிணற்று நீராயின் அரைமணி நேரத்தின் பின்னும் இதிற் பெரும்பகுதி எஞ்சி நிற்கும். பாசி நீரிலோ 1 நிற்கலாம். அல்லது யாதுமே நில்லாதொழியலாம். பாசியும் சேறும் அழுகிய இலையும் குளோரீனை உண்டுவிடுகின்றன. ஆகவே பரிசோதனை காட்டுவது நீங்கள் இட்ட அளவையன்று. செலவு போக எஞ்சிய மிச்சத்தையே என்பதை நன்கு மனத்திற் கொள்க.

இனி, மிச்சத்திலும் இருவகை உண்டு. ஒன்று கிருமியைக் கொல்லவல்ல சுயாதீனக் குளோரீன். மற்றையது, எருவிலிருந்தும் அமோனியம் சல்பேற்றிலிருந்தும் நீரிற் கலந்த அமோனியாவுடன் கூடிய சேர்ந்த குளோரீன். இதன் வலிமை மிகக் குறைவு. மூக்கைத் துளைக்கும் நெடி பெரும்பாலும் இதனுடையதே. "வாசனை வருகின்றது, குளோரீன் போதும்" என்று எண்ணுவது தவறு. டி.பி.டி. வில்லைகளில் முதலாவது சுயாதீனக் குளோரீனையும், அதன்மேல் இடும் மூன்றாம் இலக்க வில்லை மொத்தத்தையும் இளஞ்சிவப்பு நிறத்தாற் காட்டும். மொத்தம் 3 ஆகவும் சுயாதீனம் பூச்சியமாகவும் இருப்பின், அந்நீர் கழுவுதற்கு ஏற்றதன்று. முன்னாளிற் பெருவழக்காயிருந்த மஞ்சள் நிறப் பரிசோதனை இவ்விரண்டையும் செவ்வனே பிரித்துக் காட்டுவதில்லை.

பூச்சியம் என்பதற்கு நேர்மாறான காரணமும் ஒன்றுண்டு. குளோரீன் லீற்றருக்கு 10 மில்லிகிராமுக்கு மேற்பட்டால், அது வில்லையின் நிறத்தையே வெளிற்றிவிடும். வில்லை இட்டவுடன் சிவப்புத் தோன்றிக் கணத்தில் மறையுமாயின் ஐயங்கொள்க. ஒரு பங்கு தொட்டி நீரை, பற்றரிக்கு வார்க்கும் வடித்த நீர் ஒன்பது பங்குடன் கலந்து மீண்டும் பரிசோதித்து, வந்த எண்ணைப் பத்தாற் பெருக்குக. இதனைச் செய்யாது மேலும் மேலும் தூள் இடுவோர் கீரையைக் கருகச் செய்வதுடன் தம் கைகளையும் புண்ணாக்கிக்கொள்வர்.

வெயிலும் பெருங் கள்வனே. உச்சிவேளையிற் திறந்த தொட்டியின் குளோரீனிற் பாதி ஒரு மணி நேரத்துள் அழிந்துபோகும். அன்றியும், பகலிற் பாசி நீரிலுள்ள காபனீரொட்சைட்டை எடுத்துக்கொள்வதால் நீரின் காரத்தன்மை ஏறுகின்றது. பீ.எச். 7.5 இல் சுயாதீனக் குளோரீனிற் பாதியளவு வலிய வடிவில் இருக்கும், 8.5 இல் பத்திலொரு பங்கே அவ்வாறிருக்கும். வில்லையோ இரண்டிடத்தும் ஒரே நிறத்தையே காட்டும்.

இழப்பு வெயிலாலா, பாசியாலா என்றறிய எளிய வழியொன்றுண்டு. பொழுது சாய்ந்தபின் ஒருமுறையும் மறுநாட் சூரியன் எழுமுன் ஒருமுறையும் அளந்து பார்க்க. இரவில் வெயில் இல்லையாதலின், 1 மில்லிகிராமுக்கு மேல் குறைந்திருந்தால் தொட்டியில் இன்னும் அழுக்கு உண்டு என்பது தெளிவு.

அப்பொழுது தூள் மூட்டையை நாடற்க, துடைப்பத்தை எடுங்கள். நீரை இறைத்து, சுவரையும் அடியையும் தேய்த்துச் சேற்றை அகற்றி, புதுநீர் விட்டு, தென்னோலைக் கிடுகினால் மூடுக. ஒளி புகாவிடத்துப் பாசி வளராது. அதன்பின் சிறிதளவு தூளே போதும். நீச்சற்குளத்துக்கென விற்கும் வில்லைகள் சிலவற்றில் வேறு மருந்துகளும் கலந்திருப்பதால் அவை இதற்கு ஆகா. வெளிற்றுந்தூளை அமிலத்துடனோ உரத்துடனோ ஒருங்கு வைப்பதும் ஆபத்தாகும். நச்சு வாயு எழக்கூடும்.

2025 நவம்பரிற் களனி கங்கை பெருகி வத்தளையில் வெள்ளம் புகுந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். வெள்ளம் புகுந்த கிணற்று நீரால் வல்லாரையைக் கழுவினால், அதனைப் பச்சையாகச் சம்பல் செய்து உண்போர் வயிற்றோட்டத்துக்கு ஆளாவர். அத்தகைய கிணற்றை இறைத்துத் துப்புரவாக்கிக் குளோரீன் இடுக. குடிநீராயின், அரைமணி நேரத்தின் பின் சுயாதீனக் குளோரீன் 0.5 மில்லிகிராமாவது நிற்றல் வேண்டும். ஐயமிருப்பின் உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரைக் காண்க.

நெற்செய்கையாளருக்கும் ஒரு சொல். வயலிற் காணும் நீலப்பச்சைப் பாசியிற் பல இனங்கள் வளியிலுள்ள நைதரசனைப் பயிருக்குச் சேர்ப்பவை. அவற்றின்மேற் குளோரீன் நீரை விடலாகாது. கழித்த தொட்டி நீரை ஒரு நாள் வெயிலில் நிறுத்தி, மொத்தக் குளோரீனும் பூச்சியமானதைப் பார்த்த பின்னரே வாய்க்காலுக்குத் திறந்துவிடுக.