காட்டை ஊராகக் காப்போம்

ஊர் திரும்பியதும் வீட்டுக்குக் கப்பும் வளையும் வேண்டும், வேலிக்குக் கதியால் வேண்டும், அடுப்புக்கு விறகு வேண்டும். எல்லாவற்றுக்கும் பக்கத்துக் காட்டைத்தான் பார்க்கிறோம். ஒரு வீட்டின் தேவையைக் காடு தாங்கும். கேட்பாரின்றி எல்லோரும் வெட்டினால், வெளியார் லொறியோடு வந்து முதிரையும் பாலையும் ஏற்றினால், தாங்காது.

காடு அழிந்தால் என்ன நடக்கும்?

மரங்கள் காற்றிலுள்ள காபனீரொட்சைட்டை எடுத்து வளர்கின்றன. காய்ந்த மரத்தின் நிறையில் ஏறத்தாழ அரைவாசி காபன். மரத்தை எரித்தால் அது மீண்டும் காற்றில் கலந்து பூமியின் வெப்பத்தைக் கூட்டுகிறது.

உங்கள் ஊருக்கும் நட்டம் உண்டு. குளத்துக்கு மேலேயுள்ள காடு மழைநீரை மண்ணுக்குள் இறங்கவிடுகிறது. அது அழிந்தால் மண் கரைந்து குளத்தை நிரப்பும். தூர்ந்த குளத்தில் சிறுபோகத்துக்குத் தண்ணீர் மிஞ்சாது. கிணறும் வேளைக்கே வற்றும். பெருமழையும் நீண்ட வறட்சியும் மாறிமாறி வரும் இக்காலத்தில் இந்தக் காவல் இன்னும் அவசியம்.

நேபாளத்தின் அனுபவம்

நேபாளத்தில் 1993ஆம் ஆண்டின் வனச் சட்டம், காட்டைப் பராமரித்துப் பயன்படுத்தும் உரிமையைக் கிராமக் குழுக்களுக்கு வழங்கியது. நிலம் அரசினுடையது. விறகு, புல், மரம் எவ்வளவு எடுப்பது என்பதை, அதிகாரிகள் ஏற்ற திட்டத்தின்படி குழு முடிவுசெய்கிறது. இன்று 20,000க்கும் மேற்பட்ட குழுக்கள் உள்ளன. மொட்டையாய்க் கிடந்த பல மலைச்சரிவுகள் மீண்டும் பச்சையாகியுள்ளன. பயன் தங்களுக்கே என்று தெரிந்ததால் மக்களே காவல் நின்றார்கள்.

நீங்கள் செய்யக்கூடியவை

1. மிதிவெடி அகற்றப்பட்டதாக உறுதிசெய்யப்படாத காட்டுக்குள் விறகுக்கும் போகாதீர்கள். எச்சரிக்கைப் பலகைகளை அகற்றாதீர்கள்.

2. கிராம அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில் இதைப் பேசுங்கள். விறகு பொறுக்கும் பெண்களும் தேன் எடுப்பவர்களும் அக்கூட்டத்தில் இருக்கட்டும்.

3. கிராம அலுவலர் ஊடாக வனவளத் திணைக்கள அதிகாரியை அழையுங்கள். எல்லை எது, எதை எடுக்கலாம், எதற்கு அனுமதி வேண்டும் என்று கேட்டுப் பதிந்துவையுங்கள். பனையை அனுமதியின்றித் தறிக்க முடியாது.

4. விறகுக்குக் காய்ந்த கொப்புகளை மட்டும் எடுங்கள். கதியாலுக்குக் கிளுவையும் பூவரசும் வளவிலேயே நடுங்கள்.

5. குளத்தின் மேற்பக்கத்தில் வெட்டாதிருக்க ஊராகத் தீர்மானியுங்கள்.

முதிரை கப்புக்கு உதவ ஒரு தலைமுறை செல்லும். இன்று விட்டுவைக்கும் கன்றுதான் உங்கள் பிள்ளைகளின் வீட்டுக்கு மரமாகும்.