புகையை ஒழிக்க யார் காசு?

நம்ம கே.கே. நகர் அசோக் பில்லர் சிக்னலில் இரண்டு நிமிடம் நின்றாலே கண் எரிகிறது. புகையைக் குறைக்க எல்லா அரசும் சட்டம் போடுகிறது. செலவு யார் தலையில் விழுகிறது என்பதில்தான் வித்தியாசம்.

1952 டிசம்பரில் லண்டனை 5 நாள் மூடிய நிலக்கரிப் புகையால் ஆயிரக்கணக்கானோர் இறந்தார்கள். 1956-ல் தூய காற்றுச் சட்டம் வந்தது. புகை தடை செய்த பகுதிகளில் வீட்டுக் கணப்படுப்பை மாற்றும் செலவில் 10-க்கு 7 பங்கைப் பொதுப்பணமே ஏற்றது!

சிங்கப்பூரில் 1990 முதல் கார் வாங்கும் உரிமையையே ஏலத்தில் எடுக்கணும். நெரிசலுக்காக வந்த ஏற்பாடு. வண்டி குறைந்தால் புகையும் குறையும்தானே? காசு, கார் வாங்குபவருடையது.

டெல்லியில் 1998-ல் உச்ச நீதிமன்றம், பஸ்கள் இயற்கை எரிவாயுவில்தான் ஓடணும், பழைய ஆட்டோக்கள் போகணும் என்றது. இந்த வாயு, டீசல் மாதிரி கரி கக்காது. 2002 முடிவதற்குள் பஸ்கள் மாறின. ஆனால் வாயு நிரப்பும் பங்க் போதாமல் ஆட்டோக்காரர்கள் மணிக்கணக்கில் வரிசையில் நின்றார்கள். அந்த நேரத்துச் சவாரியை யார் கொடுப்பது?

எங்கப்பாவும் கடன் வாங்கித்தான் ஆட்டோவுக்கு கேஸ் கிட் மாட்டினார். லண்டன் கதையைச் சொன்னேன். "ஏழு வேணாம்டா, மூணு பங்கு குடுத்தாலே போதும்" என்றார்.